விசில் எப்போது வரும்?

போன இதழில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் சேர்க்கையைப் பற்றிக் கேட்டவர்கள் இரண்டே பேர். மற்ற எல்லாரும் பயத்தைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். அதனால் இந்த முறை பகுதி முழுவதும் அதற்கே. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், ஊரை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. நான்கு வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். ஆறு மாதமாகக் குக்கர் என்றாலே அலறுகிறான். அடுப்பில் வைப்பதைப் பார்த்ததுமே காதைப் பொத்திக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடிவிடுகிறான். ஆனால் அதே பிள்ளை எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டு மணிக்கணக்கில் தட்டுகிறான், அந்தச் சத்தம் எங்களுக்குத்தான் தாங்கவில்லை. இப்போது கல்யாண வீட்டுக்கும் வர மாட்டேன் என்கிறான். என் கணவர் நடிப்பு என்கிறார். இது ஆட்டிசமா, வேறு ஏதாவது நோயா?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: நடிக்கவில்லை. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்டது அந்தத் தட்டு விஷயம்தான். 1943இல் அமெரிக்காவின் பால்டிமோரில் லியோ கானர் என்ற மனநல மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டிசத்தை உலகம் திரும்பிப் பார்த்தது அதற்கப்புறம்தான். அந்தக் குழந்தைகளைக் கதிகலங்க வைத்தவை என்று அதில் ஒரு பட்டியல் வரும்: லிஃப்ட், வாக்குவம் கிளீனர், குழாயில் ஓடும் தண்ணீர், கேஸ் அடுப்பு, முட்டை அடிக்கும் கருவி, சில நேரம் வெறும் காற்றுகூட. கூடவே இன்னொன்றையும் கவனித்து எழுதியிருக்கிறார். தான் பயப்படும் சத்தத்துக்குச் சமமான சத்தத்தைக் குழந்தை தானே சந்தோஷமாகப் போடுமாம். கேட்காமல் கொள்ளாமல் தன்மேல் வந்து விழும் சத்தம்தான் அதைக் கலக்குமாம். (இவ்வளவு நுட்பமாகப் பார்த்த அதே மனிதர் பெற்றோரின் பாசக்குறைவைப் பற்றியும் எழுதிவைத்தார், அது ‘ஆட்டிசத்துக்குக் காரணமே அம்மாவின் பாசக்குறைவு’ என்று வளர்ந்து பல வருடங்கள் அம்மாக்கள் தலையில் விடிந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.)

தட்டைத் தட்டும்போது அடுத்த சத்தம் எப்போது வரும் என்று உங்கள் பையனுக்குத் தெரியும், ஏனென்றால் அது அவன் கையில் இருக்கிறது. குக்கரில் தெரியாது. வெயிட் லேசாக ஆட ஆரம்பிக்கும், புஸ்ஸென்று ஆவி கசியும், வந்துவிடும் வந்துவிடும் என்று இருக்கும், வராது, திடீரென்று வரும். நமக்கு அது பருப்பு வேகும் சத்தம். அவன் காது வேறு ஒலிகளைக் கூடுதலாக வாங்கும் காதாக இருந்தால், அது வலிக்கவும் செய்யும். வலியும் எதிர்பாராத நேரமும் சேர்ந்தால் யாருமே மொட்டைமாடிக்குத்தான் ஓடுவோம்.

ஆட்டிசமா வேறு நோயா என்றால், இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. பதற்றம் ஆட்டிசத்தின் இலக்கணத்தில் கிடையாது, எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவதும் இல்லை. ஆனால் அடிக்கடி கூட வருகிறது. 2011இல் 31 ஆய்வுகளைச் சேர்த்து, 2,000க்கும் மேற்பட்ட ஆட்டிசப் பிள்ளைகளின் விவரங்களைப் பார்த்தபோது, ஏறத்தாழ 40 சதவீதம் பேருக்குக் குறைந்தது ஒரு பதற்றக் கோளாறாவது இருந்தது. அதில் முதலிடம் இந்த மாதிரி குறிப்பிட்ட ஒன்றின்மேல் வரும் பயத்துக்குத்தான், மொத்தப் பிள்ளைகளில் கிட்டத்தட்ட 30 சதவீதம். ஆகவே ‘ஆட்டிசம்னா அப்படித்தான் இருக்கும்’ என்று யாராவது, அது மருத்துவராகவே இருந்தாலும், கைகழுவினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பயத்துக்குத் தனியாக வழி உண்டு.

வழி என்னவென்றால் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்குவது. கடிவாளம் அவன் கையில் இருக்க வேண்டும். முதல் வாரம் குக்கரை அடுப்பில் ஏற்றவே வேண்டாம், கழுவித் துடைத்துத் தரையில் வையுங்கள். மூடியைத் திறக்கட்டும், வெயிட்டைக் கையில் எடுத்துப் பார்க்கட்டும், அதை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உருட்டட்டும். அப்புறம் விசில் சத்தத்தை போனில் பதிவு செய்து, ஒலியைக் கூட்டும் குறைக்கும் பொத்தானை அவனிடம் கொடுங்கள். மிகக் குறைவாக வைத்துத்தான் ஆரம்பிப்பான், வைக்கட்டும். இது சலித்துப்போகும் நாள் ஒன்று வரும், அதுதான் அடுத்த படிக்கான நாள். அன்று நிஜக் குக்கர், ஆனால் அவன் ஹாலில் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஈயர் மஃப் போட்டுக்கொண்டு, முன்னால் மூன்று வேர்க்கடலையோடு உட்கார்ந்திருப்பான். ஒரு விசிலுக்கு ஒரு கடலை வாய்க்குள். மூன்றாவது கடலை போனதும் அவன் ‘ஆஃப்’ என்று கத்த வேண்டும், நீங்கள் அந்த நொடியே அடுப்பை அணைக்க வேண்டும். நாலாவது விசில் வரவே கூடாது, பருப்பு வேகாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு தடவை ஏமாற்றினால் நாலு வாரம் பின்னால் போய்விடுவோம்.

நடுவில் அவன் பழையபடி ஓடினால் ஒரு படி இறங்கிக்கொள்ளுங்கள், திட்ட வேண்டாம். ஒரு தடவை காது மூக்கு தொண்டை மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள். ஈயர் மஃப்பைக் கல்யாணம், தீபாவளி மாதிரி நேரங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்கப் போட்டே இருந்தால் சாதாரண சத்தமும் பெரிதாகக் கேட்கத் தொடங்கிவிடும்.

கல்யாணத்தில் அவனுக்கு நாதஸ்வரம் பிரச்சினையாக இருக்காது, கெட்டிமேளம்தான் என்று நினைக்கிறேன். பத்திரிகையில் 9 முதல் 10.30 என்று முகூர்த்தம் போட்டிருப்பார்கள், அந்த ஒன்றரை மணி நேரத்தில் எந்த நொடி ஐயர் கையைத் தூக்குவார் என்று மாப்பிள்ளைக்கே தெரியாது! கதவோரம் உட்காருங்கள், தாலி தட்டு சபையில் சுற்ற ஆரம்பித்ததும் அவனைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள், சத்தம் ஓய்ந்ததும் சாப்பாட்டுக்குப் போங்கள். முதல் இரண்டு கல்யாணத்துக்கு அது போதும்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். பேரனுக்குக் கூட்டம் என்றால் பயம். மகளும் மருமகனும் ரொம்பப் பொத்திப் பொத்தி வளர்க்கிறார்கள். எங்கள் காலத்தில் கிணற்றில் தூக்கிப் போட்டுத்தான் நீச்சல் பழகினோம். நாலு தடவை கூட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் தானாகச் சரியாகிவிடாதா?
— வாசகர், கும்பகோணம்

பதில்: ஐயா, கிணற்றில் தூக்கிப் போட்டு நீந்தக் கற்றவர்கள்தான் பிற்பாடு அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். அன்றோடு கிணற்றுப் பக்கமே போகாமல் நின்றவர்கள் எதுவும் சொல்வதில்லை. உங்கள் ஊரிலேயே இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி, படியில் உட்கார வைத்துக் காலை மட்டும் அடிக்கச் சொல்லித்தந்த பெரியவர்களும் இருந்திருப்பார்கள். நான் சொல்வது அவர்கள் முறையை.

ஆனால் நீங்கள் சொல்வதில் பாதி சரி, அதை உங்கள் மகளிடம் நானே சொன்னதாகச் சொல்லுங்கள். பயப்படும் எல்லாவற்றிலிருந்தும் பிள்ளையை விலக்கி வைத்துக்கொண்டே போனால் பயம் வளரும், வீடு சுருங்கும். முதலில் கோவில் போகும், அப்புறம் கடை, அப்புறம் பக்கத்து வீடு. ஆகவே கூட்டத்துக்குக் கூட்டிப்போங்கள், நீங்களே போங்கள், ஆனால் மகாமகத்துக்கு வேண்டாம். பிற்பகலில் கோவில் நடை திறந்து ஆள் வராத அந்த முதல் அரைமணி நேரத்துக்கு. திரும்பிப் போகலாம் என்று அவன் சொன்னால் மறுபேச்சில்லாமல் திரும்பிவிடுவீர்கள் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிட்டு.

கேள்வி: என் மகளுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு. போன வருடம்தான் ஆட்டிசம் என்று தெரிந்தது. நன்றாகப் படிப்பாள். ‘உங்க பொண்ணு இருக்கிற இடமே தெரியாது சார், தங்கம்’ என்று டீச்சர்கள் சொல்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் பையை விசிறியடித்துவிட்டு பாத்ரூமில் போய்ப் பூட்டிக்கொள்கிறாள், ஒரு மணி நேரம் ஆகிறது வெளியே வர. என்ன ஆச்சு என்றால் ‘தெரியல’ என்பாள், இன்னொரு தடவை கேட்டால் கத்துவாள். பத்து நாளாகக் காலையில் வயிற்றுவலி, பள்ளிக்கே போகவில்லை. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. அடுத்த வருடம் பத்தாவது. பள்ளியில் ஒழுங்காக இருப்பவள் வீட்டில் மட்டும் ஏன் இப்படி?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ‘இருக்கிற இடமே தெரியாது’ என்று டீச்சர் பாராட்டாகச் சொன்னதை நான் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்கிறேன். ஒரு அளவு சின்னதான ஷூவைப் போட்டுக்கொண்டு காலை எட்டரையிலிருந்து மாலை நாலரை வரை முகம் சுளிக்காமல் நடக்கிறாள் என்று வையுங்கள். எங்கே கழற்றுவாள்? வீட்டு வாசலில்தான். உங்கள் மேல் இருக்கும் கோபத்தினால் பை பறக்கவில்லை, கழற்றலாம் என்ற தைரியம் உங்கள் வீட்டில் மட்டும் இருக்கிறது. யார் எப்போது சிரிக்கிறார்கள் என்று பார்த்துச் சிரிப்பது, கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும் என்று எண்ணி எண்ணிப் பார்ப்பது, கையை ஆட்டத் தோன்றும்போது பெஞ்சுக்கடியில் விரலை நெரித்துக்கொள்வது, இப்படி மறைத்து நடப்பதை ஆங்கிலத்தில் மாஸ்கிங் என்பார்கள். பெண் பிள்ளைகளிடம் நிறையப் பார்க்கிறோம், அதனாலேயே அவர்களில் பலருக்கு ஆட்டிசம் இருப்பது பதின்மூன்று பதினான்கு வயது வரை யார் கண்ணிலும் படுவதில்லை.

‘தெரியல’ என்பதையும் நம்புங்கள். ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, தனக்குள் நடக்கும் உணர்ச்சிக்குப் பெயர் வைப்பது கடினம். நெஞ்சு அடித்துக்கொள்வது தெரியும், அது பயமா கோபமா பசியா என்று தெரியாது. வயிற்றுவலி நிஜம். பதற்றம் குடலைப் பிசையும், ஸ்கேனில் தெரியாது. ‘என்ன ஆச்சு’வை நிறுத்திவிட்டு உடம்பைக் கேளுங்கள், அதுவும் வந்தவுடனே கேட்க வேண்டாம். கை சில்லென்று இருக்கிறதா, தொண்டை அடைக்கிறதா, இப்படி. என்னிடம் வரும் ஒரு பெண் தன் நிலையை ஃபேன் ரெகுலேட்டர் எண்ணில் சொல்வாள். ‘இன்னைக்கு நாலுல ஓடுது ஆன்ட்டி’ என்றால் அன்று நான் அதிகம் பேச மாட்டேன். அஞ்சு என்றால் விளக்கை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்போம். உங்கள் மகள் அவளுக்கு வசதியான அளவுகோலை அவளே வைத்துக்கொள்ளட்டும்.

சாயங்காலம் நாலரை முதல் ஐந்தரை வரை அவளிடம் யாரும் எதையும் கேட்கக் கூடாது என்று வீட்டில் சட்டம் போடுங்கள், ‘டிபன் வேணுமா’ என்பது உட்பட. தட்டை மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பள்ளி விஷயத்தில் துப்பறிய வேண்டும். ‘பள்ளிக்குப் பயம்’ என்பது மொத்தக் கணக்கு, உள்ளே தனித்தனி அயிட்டம் இருக்கும். டைம்டேபிளை அச்செடுத்துக் கொடுத்து ஒவ்வொரு பீரியடுக்கும் நிறம் அடிக்கச் சொல்லுங்கள், பேச வைப்பதைவிட அது சுலபம். வேன், பிரேயர், பி.டி. பீரியட், மதியச் சாப்பாட்டு நேரம், டாய்லெட் இதெல்லாமும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். ஒரு மாணவிக்கு எல்லாப் பாடமும் பச்சை, ‘சப்ஸ்டிட்யூட் டீச்சர்’ என்று அவளே ஒரு கட்டம் போட்டு அதை மட்டும் கறுப்பாக அடித்துக் கொண்டுவந்தாள். கேலி செய்கிறார்களா என்று நேராகவே கேளுங்கள். கேலி நடக்கிறது என்றால் அது கற்பனைப் பயம் கிடையாது, அதற்குப் பதற்ற சிகிச்சை கொடுத்துப் பிள்ளையைச் சகிக்கப் பழக்குவது அநியாயம். அங்கே மாற வேண்டியது வகுப்பறை.

பத்து நாள் ஆகிவிட்டது, இனி நாள் கூடக் கூடப் போவது கஷ்டமாகும். முழு நாள் கேட்காதீர்கள். பச்சையில் அடித்த இரண்டு பீரியடுக்கு மட்டும் போய்வரட்டும். தலைமையாசிரியரிடம் மூன்று விஷயம் பேசுங்கள்: தாங்க முடியாதபோது காட்டிவிட்டு நூலகத்துக்குப் போக ஒரு அட்டை, டைம்டேபிள் மாறினால் முந்தின நாளே தகவல், எதற்கும் போய் நிற்க, பெயர் தெரிந்த ஒரே ஒரு டீச்சர். இது சலுகை என்று கூச்சப்பட வேண்டாம், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிட்டிருக்கும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதல் நேரம் வாங்கலாம், சொல்வதை எழுத ஆள் வைத்துக்கொள்ளலாம். மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேலையை இப்போதே ஆரம்பித்துவிடுங்கள், டிசம்பரில் ஓடினால் பதற்றம் உங்களுக்கு வந்துவிடும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கையைக் கீறிக்கொள்வது, ‘நான் இல்லாமல் போனால் நல்லது’ என்கிற மாதிரிப் பேச்சு இருந்தால் அன்றே மனநல மருத்துவரைப் பாருங்கள். ராத்திரியானால் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழில் பேசலாம்.

கேள்வி: 11 வயதுப் பையன், பேச்சு இல்லை. மூன்று மாதமாகத் தலையில் அடித்துக்கொள்கிறான். பேசாத பிள்ளைக்குப் பயம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கோபம் என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். கொடுக்கலாமா?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: முதலில் வலி. பல், காது, மலச்சிக்கல், இந்த மூன்றையும் பார்க்காமல் யாரும் மனதைப் பற்றிப் பேசக் கூடாது. சொத்தைப் பல்லைச் சொல்லத் தெரியாமல் மாதக்கணக்கில் தலையில் அடித்துக்கொண்ட பிள்ளையைப் பார்த்திருக்கிறேன், நாங்கள் எல்லாரும் நடத்தையைக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தோம். வெட்கமாக இருந்தது.

அது இல்லையென்றால், அடிப்பதற்கு முந்தின ஐந்து நிமிடத்தைப் பாருங்கள். உள்ளங்கை வேர்ப்பது, கண் பாப்பா விரிவது, ஓரிடத்தில் நிற்காமல் நடப்பது, ஆடுவதும் சுற்றுவதும் வழக்கத்தைவிட வேகமாவது, தூக்கம் கெட்டது, ஏற்கெனவே வந்த டாய்லெட் பழக்கம் தவறியது, இதெல்லாம் பயத்தின் மொழி. மூன்று மாதத்துக்கு முன்னால் என்ன மாறியது? தெரபிஸ்ட், வேன் டிரைவர், வீட்டுக்கு வந்த விருந்தாளி, பாட்டி ஊருக்குப் போனது? பெரும்பாலும் அங்கே ஒன்று கிடைக்கும்.

பேச்சில்லை என்றால் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று பொருளில்லை. ‘முதலில் – பிறகு’ என்று இரண்டு படம் ஒட்டிய அட்டையிலிருந்து ஆரம்பியுங்கள். படத்தைத் தொட்டால் பேசும் செயலிகள் தமிழிலும் உண்டு, சென்னையில் உருவான ஆவாஸ் அதில் ஒன்று. அதில் ‘வேண்டாம்’, ‘நிறுத்து’, ‘வலிக்குது’ ஆகிய மூன்றும் முதல் பக்கத்தில் இருக்கட்டும். ‘பிஸ்கட்’ இரண்டாம் பக்கத்தில் இருந்தால் போதும்.

மாத்திரையைப் பற்றி: பெயர் எழுதவில்லை. நிறையப் பேருக்குக் கொடுப்பது ரிஸ்பெரிடோன். அதற்கு அமெரிக்காவில் 2006இல் ஆட்டிசத்தில் வரும் கடும் எரிச்சலுக்கு என்று அனுமதி கிடைத்தது, பதற்றத்துக்கு என்று கிடையாது. தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைக்கு அது தேவைப்படலாம், ஆனால் பசி கூடும், எடை ஏறும், மாதாமாதம் எடை பாருங்கள். பதற்றத்துக்கு வழக்கமாகத் தரும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்துகள் மற்றப் பிள்ளைகளுக்கு வேலை செய்யும் அளவுக்கு ஆட்டிசப் பிள்ளைகளுக்கும் செய்யும் என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதவில்லை. அந்த வகையில் சிட்டலோப்ராமை 149 பிள்ளைகளிடம் சோதித்து 2009இல் வெளியிட்டார்கள். அதில் பார்த்தது திரும்பத் திரும்பச் செய்யும் செயல்களை. ஒப்பிடுவதற்காகக் கொடுத்த, மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட அது மேலாக இல்லை, தூக்கம் கெட்டதும் துறுதுறுப்பு கூடியதும்தான் மிச்சம். சில பிள்ளைகளுக்கு மிகக் குறைந்த அளவில் ஆரம்பித்து மெல்ல ஏற்றினால் உதவுகிறது, நானும் பார்த்திருக்கிறேன். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இது எதற்காக, எத்தனை வாரத்தில் என்ன மாற வேண்டும்?’ பதில் வராவிட்டால் வேறொருவரைப் பார்க்கலாம்.

பேசும் பிள்ளைகளின் பெற்றோர் இதைப் படித்தால்: உங்களுக்கு மாத்திரைக்கு முன்னால் இன்னொரு வழி இருக்கிறது. எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் சி.பி.டி. சிகிச்சையை ஆட்டிசத்துக்கு ஏற்றபடி வளைத்துக் கொடுத்தபோது, வழக்கமான சி.பி.டி.யைவிடக் கூடுதல் பலன் கிடைத்தது என்று 7 முதல் 13 வயது வரையுள்ள 167 பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 2020இல் வந்தது. வளைப்பது என்றால் படம் வரைந்து பேசுவது, பிள்ளைக்குப் பிடித்த ரயிலையோ டைனோசரையோ உள்ளே கொண்டுவருவது, அம்மா அப்பாவையும் பாடத்தில் உட்கார வைப்பது.

கேள்வி: என் மகன், 10 வயது, ஒரு நாளைக்கு ஐம்பது தடவை ‘நாளைக்குக் கரண்ட் போகுமா?’ என்று கேட்கிறான். போகாது என்று சொன்னால் இரண்டு நிமிடம் அமைதி, மறுபடியும் ஆரம்பம். பைத்தியம் பிடிக்கிறது.
— வாசகி, விழுப்புரம்

பதில்: ‘போகாது’ என்று நீங்கள் சொன்ன நாளில் கரண்ட் போயிருக்கும், அவன் அதை மறந்திருக்க மாட்டான். நம் ஊரில் மின்வாரியம் தவிர வேறு யார் இந்த உறுதியைக் கொடுக்க முடியும், அவர்களாலும் முடியாது. ஆட்டிசப் பிள்ளைகளின் பதற்றத்தில் பெரும் பங்கு, என்ன நடக்கும் என்று தெரியாத நிலையைத் தாங்க முடியாததிலிருந்து வருகிறது என்று பத்துப் பதினைந்து வருடமாக ஆராய்ச்சிகளும் சொல்கின்றன. நீங்கள் எத்தனை தடவை ஆறுதல் சொன்னாலும் அது இரண்டு நிமிட மாத்திரை.

தினசரி காலண்டர் பக்கத்தில் ஒரு அட்டை மாட்டுங்கள், மூன்று கட்டம்: போகும், போகாது, தெரியாது. பேப்பரில் பராமரிப்புக்காக மின்தடை அறிவிப்பு வந்தால் நேரத்தோடு ‘போகும்’ கட்டத்தில் எழுதுங்கள். மற்ற நாளெல்லாம் தைரியமாகத் ‘தெரியாது’. ‘போகாது’ கட்டம் காலியாகவே கிடக்கும், அதை அவனே ஒரு நாள் கவனித்துச் சிரிப்பான். ‘தெரியாது’க்குக் கீழே, போனால் என்ன செய்வோம் என்று அவன் கையால் எழுதச் சொல்லுங்கள். டார்ச் எடுப்பது, விசிறி எடுப்பது, வாசல் படியில் உட்காருவது. அடுத்த தடவை கேட்டால் வாயால் பதில் வேண்டாம், அட்டையைக் காட்டுங்கள். முதல் வாரம் ஐம்பது அறுபதாகும், பயந்துவிடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்கு, சொல்லிவைத்துவிட்டு, மெயினை நீங்களே ஐந்து நிமிடம் அணைத்துப் பாருங்கள். சுவிட்சுக்குப் பக்கத்தில் அவன் நின்று, மணி பார்த்து, ‘இப்போ’ என்று சொல்லட்டும். அதற்கு முன்னால் டார்ச்சில் பேட்டரி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.